முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள்

அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் ஷெட்டில் பெயின்டர். 35 வருஷம். பஸ்ஸின் நெற்றியில் கம்பெனிப் பெயரும் பக்கவாட்டில் ஊர்ப் பெயர்களும் எழுதுவதுதான் அவர் வேலை. பெயின்ட் நெடிக்கு என்று சொல்லி, வெற்றிலையோடு புகையிலையைச் சேர்த்து இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வார். புண் வந்ததும் அதே இடத்தில்தான். 2021 டிசம்பரில் பயாப்ஸி, வாய்ப் புற்றுநோய் என்றார்கள். 2022 ஜனவரியில் கோவையில் அறுவை சிகிச்சை, அப்புறம் 30 தடவை கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கும் என்று ஆனது. அதற்கும் பழகிக்கொண்டார். 2023 ஜூலையில் கழுத்தில் மறுபடி கட்டி.

அதுவரை நடந்தது பல வீடுகளில் நடப்பதுதான். நான் எழுத உட்கார்ந்தது அந்த வருஷம் நவம்பரில் வந்த வேறொன்றைப் பற்றி. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களை அப்பாவின் உடம்பு தானே அழிக்க ஆரம்பித்தது. அது என்னவென்று புரிந்துகொள்ள எங்களுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளில் நாங்கள் செய்த தவறுகளை வேறு யாரும் செய்ய வேண்டாம்.

கட்டி திரும்பியபோது மறுபடி அறுக்க வழியில்லை என்றார்கள். வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட், தினமும் செலிகாக்சிப், எர்லோடினிப் என்று மாத்திரைகள். கூடவே மூன்று வாரத்துக்கு ஒருமுறை நிவோலுமாப் ஊசி, 20 மில்லிகிராம். மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வின் முறை இது. நிவோலுமாபின் வழக்கமான டோஸ் இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். அந்த விலை நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டாது. பத்தில் ஒரு பங்குகூட இல்லாத 20 மில்லிகிராம் போதுமா என்று 151 பேரிடம் சோதித்தார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம், ஊசியும் சேர்த்துப் போட்டுக்கொண்டவர்களில் 43.4 சதவீதம். டாக்டர் இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "பாதிக்குப் பாதின்னு வெச்சுக்கலாமுங்க" என்றார். ஆகஸ்ட் முதல் வாரம் ஆரம்பித்தோம்.

பக்கவிளைவுகளையும் சொன்னார்கள். வயிற்றுப்போக்கு, தைராய்டு, நுரையீரல் அழற்சி என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அதன் கடைசியில் 'ரத்த அணுக்கள் குறையலாம்' என்று ஒரு வரி இருந்தது. நான் அதைக் கீமோ சமாசாரம் என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். 'குறைந்த டோஸ்தானே, பக்கவிளைவும் குறைவாகத்தான் இருக்கும்' என்று இன்னொரு நினைப்பு. இது எங்கள் முதல் தவறு. கீமோ மருந்து செல்லை நேரடியாகக் கொல்கிறது, அளவு கூடினால் கேடும் கூடும். இந்த ஊசி வேறு மாதிரி, இம்யூனோதெரபி என்பார்கள். நம் எதிர்ப்பு அணுக்களில் இயற்கையாகவே ஒரு பிரேக் இருக்கிறது, புற்றுநோய் அதை மிதித்துக்கொண்டு தப்பிக்கிறது, மருந்து அந்தக் காலை எடுத்துவிடுகிறது. இந்தப் பிரேக்கைக் கண்டுபிடித்த வகையில்தான் ஜப்பானின் தசுகு ஹொன்ஜோவுக்கு 2018-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பிரேக்கை விட வைக்கச் சிறு அளவு போதும் என்பதால்தான் 20 மில்லிகிராம் வேலை செய்கிறது. அதே காரணத்தால் அந்த 20 மில்லிகிராமே வம்பும் செய்யும்.

நவம்பர் நடுவில் ஒரு காலை அப்பா வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். "கண்ணு, இது என்னன்னு பாரு." முழங்காலுக்குக் கீழே, கணுக்கால் வரை, குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். ரவையைத் தூவிவிட்டது போல.

எர்லோடினிப் சாப்பிடுகிறவர்களுக்கு முகத்திலும் மார்பிலும் பரு மாதிரி வரும். அப்பாவுக்கு செப்டம்பரிலேயே வந்திருந்தது, களிம்பு தடவிக்கொண்டிருந்தோம். இதுவும் அதுதான், காலுக்கு இறங்கியிருக்கிறது என்று நானே முடிவுசெய்து அதே களிம்பைத் தடவினேன். மாத்திரையால் வரும் பரு தடவினால் கைக்குத் தட்டுப்படும், அரிக்கும், பெரும்பாலும் முகம், மார்பு, முதுகில் வரும். ரத்தப்புள்ளி தோலோடு தோலாக இருக்கும், அரிக்காது, காலில்தான் முதலில் தெரியும். கண்ணாடி டம்ளரை அதன்மேல் வைத்து அழுத்திப் பார்த்தாலும் சிவப்பு மறையாது. இதை யாராவது முன்பே ஒரு வரியில் சொல்லியிருந்தால் நான்கு நாள் மிச்சமாகியிருக்கும்.

மறுநாள் வாயில் ரத்தம். அதையும் நாங்கள் சரியாகப் படிக்கவில்லை. வாய்ப் புற்றுநோய்க்காரர் வீட்டில் வாயில் ரத்தம் வந்தால் எல்லாருக்கும் ஒரே பயம்தான் வரும், 'கட்டி உடைஞ்சிருச்சோ' என்று. டார்ச் அடித்துப் பார்த்தால் கட்டி இருந்த பக்கத்தில் ஒன்றும் இல்லை. எதிர்ப்பக்க ஈறில், பல்லைச் சுற்றி மெல்லிய கோடாகக் கசிந்துகொண்டிருந்தது. நாக்கின் ஓரத்தில் கருநீலமாக ஒரு கொப்புளம். ரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனித்திருந்தாலே, இது கட்டியின் வேலை இல்லை என்று தெரிந்திருக்கும்.

மழைக்காலம். ஊரெல்லாம் டெங்கு. கோவைக்குப் போகாமல் பக்கத்தில் இருந்த ஒரு நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போனேன். பிளேட்லெட் 41,000. ஒன்றரை லட்சத்திலிருந்து நாலு லட்சம் வரை இருக்க வேண்டியது. அங்கிருந்த டாக்டர் "டெங்குதான், சீசன்" என்று அட்மிட் போட்டார். காய்ச்சலே இல்லையே என்றேன். "வயசானவங்களுக்குக் காய்ச்சல் தெரியாது" என்றார். கழுத்து வலி என்று அப்பா சொன்னதற்கு இடுப்பில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டார்கள். மறுநாள் அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றி, கறுத்துப்போய் வீங்கியிருந்தது. அது இரட்டைத் தப்பு என்று பின்னால் தெரிந்தது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மாதிரியான வலி மாத்திரைகள் மிச்சம் இருக்கிற பிளேட்லெட்டையும் வேலை செய்ய விடாது. தசையில் ஊசி போட்டால் உள்ளேயே ரத்தம் கட்டும். வலிக்குப் பாராசிட்டமால், ஊசி என்றால் நரம்பு வழியாக மட்டும் என்று வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அவர்களை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை. 'என்ன மருந்து எடுக்கிறார்' என்று கேட்டபோது நான் 'கேன்சருக்கு மாத்திரை' என்றுதான் சொன்னேன். ஊசியைச் சொல்லவில்லை. அது போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, தினம் எடுக்கும் மருந்து இல்லையே என்று தோன்றியது. இம்யூனோதெரபி ஊசியின் வேலை, போட்ட வாரத்தோடு முடிவதில்லை. நிறுத்தி மாதங்கள் கழித்தும் விளைவு வரலாம். பல் பிடுங்கப் போனாலும் கண்ணாடி மாற்றப் போனாலும் 'இம்யூனோதெரபி எடுத்தவர்' என்ற வார்த்தை முதலில் வர வேண்டும். அப்புறம் நான் அதை ஒரு அட்டையில் எழுதி, ஊசியின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி, கோவை டாக்டரின் நம்பரோடு அப்பாவின் சட்டைப் பையில் வைத்தேன்.

இரண்டாம் நாள் 14,000. டெங்கு பரிசோதனை இரண்டும் நெகட்டிவ். "சில பேருக்கு நெகட்டிவ் காட்டும்" என்றார்கள். சித்தப்பா பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தார், அத்தை நிலவேம்புக் கஷாயம். அன்போடு கொண்டுவந்தார்கள். அப்பா இரண்டையும் மறுக்காமல் குடித்துவிட்டு, கசப்பில் முகத்தைச் சுளித்தபடி என்னைப் பார்த்தார். தெரியாத காரணத்துக்குத் தெரிந்த கஷாயம். நாலு பை பிளேட்லெட் ஏற்றினார்கள். ஒரு பைக்கு 5,000-க்குக் குறையாமல் ஏறும் என்று கணக்கு. ஷெட்டிலிருந்து நாலு பையன்கள் மாற்று ரத்தம் கொடுக்க வந்து நின்றார்கள். ஏற்றி முடித்தபின் 19,000. மறுநாள் காலை 6,000.

ஏற்றியது எங்கே போயிற்று? யாரும் கேட்காத இந்தக் கேள்வியை அப்பாதான் கேட்டார். "நாலு பை ஏத்துனாங்களே, எங்க கண்ணு போச்சு? ஓட்டை எங்கயோ இருக்குது."

அன்றைக்கே ஆம்புலன்ஸில் கோவை. அங்கே ரத்தநோய் டாக்டரம்மா ஒருவர் வந்து பார்த்தார். அவர் முதலில் கேட்டது பழைய ரிப்போர்ட்டுகளை. நான் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்திருந்தேன், ஆனால் வரிசையாகப் பார்த்ததே இல்லை. அவர் ஒரு தாளில் எழுதினார்: ஆகஸ்டில் 2,31,000, செப்டம்பரில் 2,08,000, அக்டோபர் கடைசியில் 1,62,000. "மூணுமே நார்மல்னு பிரிண்ட் ஆகியிருக்கும். அதனால யாரும் பார்க்கல" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிள்ளைகளுக்கு வரைபடம் சொல்லிக்கொடுப்பவள். எனக்கு வெட்கமாக இருந்தது. நீங்கள் கணக்கு டீச்சராக இருக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் ஹீமோகுளோபின், வெள்ளை அணு, பிளேட்லெட் மூன்றையும் தேதி போட்டு ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். சரிவு கண்ணுக்குத் தெரியும்.

மூன்றையும் சேர்த்து எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அப்பாவுக்கு வெள்ளை அணு சரியாக இருந்தது, ஹீமோகுளோபினும் அவருக்கு வழக்கமான 10-இல் நின்றது. பிளேட்லெட் மட்டும்தான் விழுந்தது. மெத்தோட்ரெக்சேட் காரணம் என்றால் எலும்பு மஜ்ஜையையே அமுக்கும், பெரும்பாலும் மூன்றும் சேர்ந்து இறங்கும், வாயெல்லாம் புண் வரும். ஒன்று மட்டும் தனியாக, இவ்வளவு வேகமாக விழுந்தால் யாரோ அதை மட்டும் குறிவைக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். டாக்டரம்மா சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

ஆனால் சந்தேகத்தை நேராக உறுதிசெய்கிற ஒற்றைப் பரிசோதனை இதற்குக் கிடையாதாம். மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். முதலில் எண்ணே உண்மையா என்று பார்த்தார்கள். ஊதா மூடிக் குழாயில் இருக்கும் வேதிப்பொருளால் சிலருக்குப் பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெஷின் குறைவாக எண்ணும். நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்தார்கள், கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியிலும் பார்த்தார்கள். உண்மையாகவே குறைவு. அப்புறம் ரத்தம் உறையும் நேரம், ஹெபடைடிஸ், எச்ஐவி, பி12, கல்லீரலும் மண்ணீரலும் பார்க்க ஸ்கேன், கடைசியில் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை. 6,000 பிளேட்லெட்டோடு எலும்பில் ஊசியா என்று நான் பதறினேன். குத்திய இடத்தை நன்றாக அழுத்திப் பிடித்தால் போதும் என்றார்கள். அப்படித்தான் ஆயிற்று.

மஜ்ஜையில் புற்றுநோய் பரவவில்லை. பிளேட்லெட்டைத் தயாரிக்கும் பெரிய செல்கள் தாராளமாக இருந்தன. டாக்டரம்மா இதை அப்பாவிடம் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. "ஐயா, நீங்க பஸ் பாடி ஷெட்டுதானே? உங்க ஷெட்டுல வேலை நல்லாத்தான் நடக்குது. வண்டி வெளிய வருது. ரோட்டுல நின்னு நம்ம ஆளுங்களே கல்லெறிஞ்சு உடைக்கிறாங்க."

அப்பா யோசித்துவிட்டு, "அப்ப வெளிய இருந்து வாங்கி விட்ட நாலு வண்டியும் அதுல போயிருச்சுங்களா?" என்றார்.

அதேதான். எதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் புரதம் நம் பிளேட்லெட், தானம் வாங்கிய பிளேட்லெட் என்று பேதம் பார்ப்பதில்லை. மேலே ஒட்டிக்கொள்ளும், மண்ணீரல் பிடித்து அழித்துவிடும். சாதாரணமாக எட்டு, பத்து நாள் வாழ வேண்டிய பிளேட்லெட் சில மணி நேரத்தில் போய்விடும். இதனால் இந்த நோயில் உயிருக்கு ஆபத்தான ரத்தக்கசிவு இருந்தாலோ அவசர ஆபரேஷன் என்றாலோ தவிர பிளேட்லெட் ஏற்றுவதில் பெரிய பயன் இல்லை. இதைப் பற்றிப் பின்னால் படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 1950-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் டாக்டர், இந்த நோய் ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்றால்தான் வருகிறது என்று நிரூபிக்க, ஒரு நோயாளியின் ரத்தம் அரை லிட்டரைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவர் பிளேட்லெட் அதலபாதாளத்துக்குப் போய், வலிப்பே வந்துவிட்டது. சில நாளில் தேறிவிட்டார். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அப்பாவின் கேள்விக்கு அந்த மனுஷன் 70 வருஷத்துக்கு முன்பே உடம்பால் பதில் சொல்லியிருக்கிறார்.

இது ஊசியால் வந்ததா, புற்றுநோயே எதிர்ப்பு சக்தியைக் குழப்பியதா? எப்போதாவது கட்டியே இதைத் தூண்டிவிடுவதும் உண்டாம். ஆனால் கழுத்துக் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்த நேரத்தில் வந்ததால், ஐந்தாவது ஊசிக்குப் பிறகு வந்ததால், ஊசிதான் என்று முடிவுசெய்தார்கள். எல்லா மருந்தையும் நிறுத்தினார்கள். கட்டி கரைந்துகொண்டிருக்கும்போது அந்த ஊசியை நிறுத்துவதில் எனக்கு இருந்த வருத்தத்தைச் சொல்லத் தெரியவில்லை. எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் ஊசியின் பலன் போய்விடாதா என்றுகூடக் கேட்டேன். "மூளையில கசிஞ்சா கட்டியைப் பத்திப் பேச ஆளே இருக்க மாட்டார்மா" என்றார் டாக்டரம்மா. அதற்குமேல் கேட்கவில்லை.

அப்பாவின் எடை 48 கிலோ. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 50 மில்லிகிராம். ரத்தம் கசிந்துகொண்டிருந்ததால் இம்யூனோகுளோபுலினும், கிலோவுக்கு 1 கிராம் கணக்கில் இரண்டு நாள். 5 கிராம் குப்பி ஒருநாளைக்குப் பத்து. ஆயிரக்கணக்கானவர்கள் தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம் அது, விலையும் அப்படித்தான். பில்லைப் பார்த்து அம்மாவின் வளையல் கழன்றது. ஒரு குப்பிக்கும் அடுத்ததற்கும் இடையில் அவசரம் கூடாது, மெதுவாக ஏற்ற வேண்டும். முதல்நாள் கொஞ்சம் வேகம் கூடியதும் நடுக்கம், தலைவலி. ஆறாயிரத்தில் இருக்கும்போது தலைவலி என்றால் உடனே தலைக்கு ஸ்கேன் எடுப்பார்கள், எடுத்தார்கள். ஒன்றுமில்லை. அந்த அரைமணி நேரம் ஸ்கேன் அறை வாசலில் நான் எண்ணியது தரையில் இருந்த டைல்ஸ்களை.

வார்டில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தவை வீட்டுக்கு வந்தபின்னும் உதவின. பிரஷ் கூடாது, பஞ்சால் துடைத்து உப்பும் சோடாவும் கலந்த தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். ஈறு கசிந்தால் டிரானெக்சாமிக் மாத்திரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வாயில் வைத்திருந்து துப்பச் சொன்னார்கள். எவ்வளவு, எத்தனை தடவை என்பதை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். மூக்கைச் சிந்தக் கூடாது. மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், முக்கினால் தலைக்குள் அழுத்தம் ஏறும். பிளேடு கூடாது. அப்பாவுக்கு இதுதான் பெரிய கஷ்டம், ஒருநாள் விடாமல் மழிக்கிறவர். பேட்டரியில் ஓடும் டிரிம்மர் வாங்கினேன். மலம் தார் மாதிரி கறுத்தாலோ, தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல் வந்தாலோ எண் எதுவாக இருந்தாலும் நேரே அவசரப் பிரிவு.

மூன்றாம் நாள் 9,000. ஐந்தாம் நாள் 31,000. பத்தாம் நாள் 58,000.

அன்றுதான் அப்பா காலண்டரைக் கேட்டார். ரவிவர்மா படம் போட்ட மாதக் காலண்டர், வீட்டிலிருந்து கொண்டுபோனேன். பிரஷ்ஷும் கொஞ்சம் பெயின்டும் வேண்டுமாம். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் அன்றைய எண்ணை பஸ்ஸில் எழுதுகிற அதே எழுத்தில், நிழல் விழுகிற மாதிரி எழுதினார். 20,000-க்குக் கீழே சிவப்பு. 50,000 வரை மஞ்சள். அதற்கு மேல் பச்சை. அந்த வரம்புகளை டாக்டரம்மாதான் சொன்னார். எங்கள் எல்லாருக்கும் ஒன்றரை லட்சம் வரவேண்டும் என்று ஏக்கம். அவரோ, "நார்மல் வேண்டாம்மா, கசியாத எண் போதும்" என்றார். ஐம்பதாயிரத்தில் ஒரு மனிதன் நிம்மதியாக வாழலாம். நார்மலைத் துரத்தி ஸ்டீராய்டைக் கூட்டினால் அந்த ஸ்டீராய்டே ஆளைச் சாய்க்கும்.

அதைக் கண்ணால் பார்த்தோம். சர்க்கரை 340. ராத்திரி தூக்கமில்லை. எதற்கும் கோபப்படாத அப்பா, காப்பியில் சூடு இல்லை என்று டம்ளரைத் தள்ளிவிட்டார், பின்னால் தானே அழுதார். வாயில் வெள்ளைப் படலம் படிந்தது. ஏற்கெனவே கரண்ட் வைத்து உமிழ்நீர் வற்றிய வாய், ஸ்டீராய்டும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கரண்ட் வைத்த வாய்க்காரர்கள் ஸ்டீராய்டு தொடங்கும் நாளிலேயே பூஞ்சை மருந்தைப் பற்றிக் கேட்டுவிடுவது நல்லது. எதுவானாலும் ஸ்டீராய்டைப் பட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

இறக்க ஆரம்பித்ததும் டிசம்பரில் எண் மறுபடி 22,000. காலண்டரில் மஞ்சள் திரும்பி வந்தது. இப்படி ஆகும், சிகிச்சை தோற்றது என்று அர்த்தமில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டோம். அப்போது எல்ட்ரோம்போபேக் மாத்திரை ஆரம்பித்தார்கள், முதலில் 25, பிறகு 50 மில்லிகிராம். உடைப்பதைத் தடுக்கிற மருந்து இல்லை இது, ஷெட்டில் உற்பத்தியைக் கூட்டுகிற மருந்து. இதிலும் ஒரு சங்கடம். கால்சியம் அதிகம் உள்ள எதனோடும் சேர்த்து எடுத்தால் மாத்திரை ரத்தத்துக்குச் சரியாகப் போகாது. வாய் திறக்காத அப்பாவின் உயிர்த் தண்ணீரே ராகிக் கூழும் மோரும் பாலும்தான்! அத்தனையும் கால்சியம். முதல் வாரம் காலைக் கூழோடு கொடுத்துவிட்டு, ஏறவில்லையே என்று உட்கார்ந்திருந்தோம். பாலோ மோரோ குடித்து நாலு மணி நேரம் கழித்து, அடுத்ததற்கு இரண்டு மணி நேரம் முன்னால் என்று மருந்துக் கடைப் பையன்தான் உறையைப் படித்துச் சொன்னான். ராத்திரி ஏழு மணிக்குக் கூழை முடித்து, பதினொரு மணிக்கு மாத்திரை என்று மாற்றினோம். அலாரம் வைத்து எழுப்புவேன். அடுத்த வாரமே ஏறத் தொடங்கியது. இந்த மாத்திரையில் எண் எல்லை மீறிப் போனாலும் ஆபத்து, ரத்தம் உறைந்து அடைக்கும். அதனால் வாராவாரம் ரத்தம், மாதாமாதம் கல்லீரல் பரிசோதனை.

2024 ஜனவரி கடைசியில் 1,12,000. அப்பா பச்சையில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே சின்னதாக 'நன்றி' என்று எழுதினார். டவுன் எல்லையில் இருக்கும் வளைவு மாதிரி இருந்தது. "மீண்டும் வருக எழுதலியாப்பா?" என்றேன். "அதை எழுதுனா வந்துரும் கண்ணு" என்றார்.

மீண்டும் வரவில்லை. ஏப்ரலில் மாத்திரையையும் மெல்ல நிறுத்தினார்கள். நிவோலுமாபைத் திரும்பத் தொடவில்லை, அவ்வளவு கீழே போனவருக்கு மறுபடி பிரேக்கை எடுக்க டாக்டர் துணியவில்லை, நாங்களும்தான். பழைய மாத்திரைகளை மட்டும் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். சுருங்கிய கட்டி ஜூன் வரை அப்படியே இருந்தது. அந்த இடைவெளியில் அப்பா ஷெட்டுக்கு ஏழெட்டு முறை போய்வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பையனுக்கு எழுத்துக்கு நிழல் போடச் சொல்லிக்கொடுத்தார்.

ஜூனில் கட்டி மறுபடி வளர்ந்தது. செப்டம்பரில் அப்பா போய்விட்டார். கடைசி வாரம் எடுத்த ரத்தத்தில் பிளேட்லெட் 1,46,000. அதைக் காலண்டரில் எழுதியது நான், பச்சை ஸ்கெட்ச் பேனாவில். நிழல் போடத் தெரியவில்லை.